ரூட்டுக்கு என்ன விலை?

அன்புள்ள ஐயா,

உழவர் சந்தையைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. எங்கள் குடும்பம் உசிலம்பட்டிப் பக்கம் மூன்று தலைமுறையாக பஸ் நடத்துகிறது. தாத்தா காலத்தில் ஐந்து வண்டி, இப்போது இரண்டு. டிக்கெட் விலையை அரசுதான் வைக்கிறது. 2018 ஜனவரிக்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. டீசல், டயர், இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. போதாததற்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். பக்கத்து ஊர்களில் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அரசு பஸ் வரட்டும் என்று நிற்கிறார்கள். அது ஆறுவதற்குள் மினி பஸ்ஸுக்குப் புது பெர்மிட். எதைத் தொட்டாலும் அரசு அனுமதி வேண்டும் என்பதை ராஜாஜி பெர்மிட் ராஜ் என்றார். அது பஸ் தொழிலில் மட்டும் இன்னும் முடியவில்லை. அரசுக்கு வியாபாரத்தில் என்ன வேலை? சந்தையைச் சந்தையிடமே விட்டுவிட வேண்டியதுதானே?

சில உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு மனு தயாரித்திருக்கிறோம். கட்டணத்தை ஆண்டுதோறும் திருத்த வேண்டும். இலவசப் பயணத்துக்கு அரசு கொடுக்கும் பணத்தைத் தனியார் பஸ்ஸுக்கும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பஸ் ஓடும் தடத்தில் புது பெர்மிட் தரக்கூடாது. உங்களைப் போன்றவர்களும் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
உசிலம்பட்டி

*

அன்புள்ள தம்பிக்கு,

கட்டண விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 2011 நவம்பரில் ஊர்விட்டு ஊர் போகும் சாதாரண மொஃபசல் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 42 காசு என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டு, 2018 ஜனவரியில் ஒரே இரவில் 60 காசு ஆக்கினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் இரண்டு காசு குறைத்து 58 ஆக்கினார்கள். அந்த 58 காசில்தான் உங்கள் வண்டி இன்றும் ஓடுகிறது. அப்போது லிட்டர் 70 ரூபாய்க்குள் இருந்த டீசல் 90-ஐத் தாண்டி எத்தனையோ காலம் ஆகிறது. டீசல் விலை ஏறினால் காய்கறி லாரிக்காரர் வாடகையை ஏற்றிக்கொள்கிறார், ஷேர் ஆட்டோக்காரர் ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்கிறார். பஸ்காரர் மட்டும் தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

விலையைக் கட்டிப்போட்டால் செலவு மறைந்துவிடுவதில்லை. அது வேறு வழியாகப் பயணியிடம்தான் வந்து சேர்கிறது. உங்களுக்கே தெரியும், முதலில் நிற்பது கடைசி டிரிப். மதுரைக் கீழமாசி வீதிக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் வேலை முடிந்து ஒன்பதரை மணிக்கு மேல் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும் பெண்கள், ‘கடைசி வண்டி இன்னைக்கு இல்லையாம்’ என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். டிக்கெட் விலை ஏறவில்லைதான். ஆனால் நாலு பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடிக்கும்போது அந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு போகிறது என்று அவர்களைக் கேட்க வேண்டும். அப்புறம் தேய்ந்த டயர். அப்புறம் கலெக்‌ஷன் எவ்வளவோ அதற்கேற்ப படிக்காசு என்ற ஏற்பாடு. முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கையில் காசு நிற்கும் என்றால், வழியில் செக்கானூரணியில் அவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மின்கட்டணத்துக்கு 2022-ல் விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்துகிற ஒரு ஏற்பாடு வந்தது. ஜூலை வந்தால் முணுமுணுக்கிறோம், கட்டுகிறோம். பஸ்ஸுக்கும் அப்படி ஒன்று வந்தால் ஆறு வருடத்துக்கு ஒரு முறை ஊர் கலவரப்பட வேண்டியதில்லை.

இதுவரை சரி. ஆனால் ‘சந்தையைச் சந்தையிடம் விடுங்கள்’ என்று எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி ‘எங்கள் தடத்தில் புது பெர்மிட் தராதீர்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

உங்கள் தொழிலில் உண்மையான முதலீடு எது? வண்டியா? பழைய பஸ்ஸை வெறும் வண்டியாக விற்றால் இரும்புக் கடைக்காரர் விலைக்குப் பக்கத்தில்தான் போகும். அதே பஸ்ஸை ‘ரூட்டோடு’ விற்றால் விலை வேறு. நல்ல தடம், நல்ல டைமிங் என்றால் வண்டியின் விலையைப் போலப் பல மடங்கு பேசுகிறார்கள். அந்தக் கூடுதல் பணம் எங்கிருந்து வருகிறது? வேறு யாரும் அந்த நேரத்தில் அந்தத் தடத்தில் வண்டி விட முடியாது என்று அரசு எழுதிக்கொடுத்த காகிதத்திலிருந்து. ஆரப்பாளையத்தில் இரண்டு கண்டக்டர்கள் டைம் கீப்பர் முன்னால் நின்று ‘என் டைம்ல ரெண்டு நிமிஷம் எடுத்துட்டான்’ என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறார்களே, அந்த இரண்டு நிமிடம் யாருடையது? அரசு கொடுத்தது. அரசு உங்கள் தொழிலில் தலையிடுவதை நிறுத்தினால் கட்டணக் கட்டுப்பாடு மட்டும் போகாது. அந்த இரண்டு நிமிடமும் போகும்.

ராஜாஜியைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். 1952-ல் முதலமைச்சராக வந்த கொஞ்ச நாளிலேயே உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டவர் அவர். சந்தைமீது அவருக்கு இருந்த நம்பிக்கை வாய்ப்பேச்சு இல்லை. ஆனால் அவர் பெர்மிட்டைத் திட்டியபோது, பெர்மிட் கிடைக்காதவன் பக்கம் நின்று மட்டும் திட்டவில்லை. பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவனை உள்ளே விடாதவனையும் சேர்த்துத்தான் திட்டினார் என்றே நான் வாசிக்கிறேன். பெர்மிட் ராஜ்ஜியத்தில் அதிகாரி ஒரு பக்கம் என்றால், மறுபக்கம் இருந்தவர் அதனால் பிழைத்த தொழிலதிபர். (அவருடைய சுதந்திராக் கட்சி 1967-ல் கூட்டு வைத்து ஆட்சிக்கு வர உதவிய அதே தி.மு.க.தான் சில வருடத்தில் பஸ்களை நாட்டுடைமையாக்கியது. அரசியலில் இதெல்லாம் உண்டு.)

சட்டத்தின் கதையும் இதையேதான் சொல்கிறது. 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், புதிதாக ஒருவர் பெர்மிட் கேட்டால் ஏற்கெனவே அந்தத் தடத்தில் ஓட்டுகிறவர் ஆட்சேபிக்க இடம் இருந்தது. பழைய முதலாளிகள் வக்கீல் வைத்து வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1988 சட்டம் அந்த இடத்தை எடுத்துவிட்டு, பெர்மிட்டைத் தாராளமாகக் கொடு என்றது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது யார் தெரியுமா? உத்தரப் பிரதேசத்துத் தனியார் பஸ் உரிமையாளர்கள். போட்டி வருவதைத் தடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது என்று 1991-ல் நீதிமன்றம் சொல்லி அனுப்பியது. நம் ஊரில் பல தடங்கள் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டதால் அந்தக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. உங்கள் ரூட்டுக்கு விலை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதுரையில் இந்தப் பேச்சை எடுத்தால், அந்தக் காலத்துத் தனியார் கம்பெனியான டி.வி.எஸ். விட்ட பஸ்ஸைத் தொடாமல் யாரும் முடிக்க மாட்டார்கள். உங்கள் தாத்தாவும் சொல்லியிருப்பார். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினார்கள், ரோட்டில் கிடக்கும் லாட ஆணியைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டினார்கள், யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாதபோது கரி வாயுவில் பஸ் விட்டார்கள் என்றெல்லாம் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். நல்ல கம்பெனிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் தடங்களும் பெர்மிட்டில்தான் ஓடின. 1972-ல் அந்த பஸ்களை எடுத்து அரசின் பாண்டியன் ரோடுவேஸ் வந்தபோது, பல தடங்களில் பயணிக்கு நடந்தது இவ்வளவுதான்: நேற்று ஒரே ஒரு முதலாளி, இன்றும் ஒரே ஒரு முதலாளி. வண்டியின் நிறமும் பெயரும் மாறின. அரசு பஸ் வந்ததால்தான் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு டவுன் பஸ்ஸே வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாஸ் வந்தது. லாபம் பார்க்கிறவர் அந்தச் சாலைக்கு வந்திருக்க மாட்டார். அதைச் சொல்லாமல் டி.வி.எஸ். புராணம் மட்டும் பாடுவது நியாயமில்லை. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கலாமே! அரசு தன் வண்டியைப் பஸ் போகாத ஊருக்கு விட்டுவிட்டு, ஓடுகிற வண்டியை ஓட விட்டிருக்கலாம். ஒன்றைத் திறக்க இன்னொன்றை ஏன் மூட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

உழவர் சந்தையை நான் பாராட்டியதும் இதனால்தான். நாட்டிலேயே பேர் வாங்கிய அந்தத் திட்டத்தின் முதல் சந்தை நம் மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. அரசு அங்கே செய்தது என்ன? இடம் கொடுத்தது, தராசு கொடுத்தது, விவசாயிக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுத்தது. காலையில் அதிகாரிகள் மொத்த மார்க்கெட் விலையை விசாரித்து, அதற்கு 20 சதவீதம் மேலே, வெளிக்கடைச் சில்லறை விலைக்கு 15 சதவீதம் கீழே என்பது போல ஒரு கணக்கில் போர்டில் எழுதுகிறார்கள். கமிஷன் மண்டியை யாரும் மூடவில்லை. விவசாயி மண்டிக்கே போகலாம், யாரும் தடுப்பதில்லை. முன்பணம் வாங்கியவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் மண்டிக்காரர் விலையைக் கீழே இறக்கும்போது ‘அப்ப நான் அண்ணா நகர் போறேன்’ என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது.

அந்தப் போர்டைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். ஆறு மணிக்கு அதில் தக்காளிக்கு ஒரு விலை இருக்கும். ஒன்பதரை மணிக்கும் அதே விலைதான் இருக்கும், யாரும் அழிக்க மாட்டார்கள். ஆனால் வாடிப்பட்டிப் பக்கமிருந்து வந்த அம்மா மீதிக் கூடையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கூவுகிறார். கீரைக்காரர் இரண்டு கட்டுக்கு ஒரு கட்டு இனாம் போடுகிறார். அதிகாரி பார்த்துக்கொண்டே போகிறார். அரசு எழுதிய விலைக்குக் கீழே சந்தை தன்பாட்டுக்கு நடக்கிறது. அட்டை வாங்கிக்கொண்டு வியாபாரிகள் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள், ஆட்சி மாறினால் பராமரிப்பு படுத்துவிடுகிறது என்ற புகார்களும் உண்மைதான். இருந்தாலும் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரு கதவு கூடியிருக்கிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் போர்டு வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஒரு நாள் கிலோ 300 ரூபாய்க்குக் கேட்பாரற்றுக் கிடக்கும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து, பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் 3000-ஐத் தாண்டும். மல்லிகைக்கு உச்சவரம்பு வையுங்கள் என்று கலெக்டரிடம் மனுக் கொடுத்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. பூ விலை ஏறினால் பிச்சி, முல்லை என்று போவோம், இல்லையென்றால் ஒரு முழத்தை அரை முழமாக்குவோம். கடைசி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அப்படி அரை பஸ் கிடையாது. வேறு வழி இல்லாத இடத்தில் அரசு கட்டணத்துக்கு ஒரு மேல்வரம்பு வைப்பதை நான் ஏற்றுக்கொள்வது அதனால்தான். வரம்பு வைத்தால் வருடா வருடம் பார்க்கவும் வேண்டும், அவ்வளவே. கதவை அடைக்கும் தலையீட்டுக்கு வேறு உதாரணம் தேடினால் 2003-ல் சில்லறை மது விற்பனையை முழுதாக எடுத்துக்கொண்ட டாஸ்மாக் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

இலவசப் பயணத்துக்கு வருகிறேன். 2021 மேயில் வந்த அந்தத் திட்டத்தை நான் ஆதரிக்கிறேன். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்களின் கையில் அது மாதம் நிறுத்துகிற பணம் சின்னதில்லை. ஆனால் அரசு அந்தப் பணத்தை அரசுக் கழகத்துக்கு மட்டும் ஈடு செய்கிறது. உதவி பயணிக்கா, கழகத்துக்கா? பயணிக்கு என்றால், அவர் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் அந்த டிக்கெட் பணம் அந்த பஸ்ஸுக்குப் போக வேண்டும். கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின் கணக்கு வைத்துக்கொள்ளும். பொய்க் கணக்கு எழுதுவார்கள் என்று சொல்வார்கள். எழுதுவார்கள்தான், பிடிக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கோரிக்கை இந்த மனுவிலேயே நல்ல கோரிக்கை. அதை முதலில் போடுங்கள்.

மூன்றாவது கோரிக்கையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. 2025-ல் வந்த மினி பஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதில் குறைந்தது 65 சதவீதம் இதுவரை பஸ் போகாத சாலையாக இருக்க வேண்டும். உங்கள் சாலையில் அவர் ஓட்டப்போவது மிச்சம் இருக்கும் கொஞ்ச தூரம். அந்தக் கொஞ்ச தூரத்தில் சில டிக்கெட் உங்களுக்குக் குறையலாம். ஆனால் உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்து உசிலம்பட்டிக்கு வந்து இறங்குகிறவர் மதுரைக்கு எதில் ஏறுவார்? அதற்கும் மேலே, அந்தப் புது மினி பஸ்ஸை வாங்கப் போகிறவர் யார் என்று யோசியுங்கள். பேங்க்கில் கடன் போட்டு ஒரு வண்டி எடுக்கிற, உங்கள் தாத்தா ஆரம்பித்த நிலையில் இருக்கிற ஒருவர். அன்றைக்குப் பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் உங்கள் தாத்தாவுக்கு ஒரு பெர்மிட் கிடைத்தது. அதை ஆட்சேபித்து மனுப் போடவும் அன்று ஆள் இருந்திருக்கும்.

முதல் இரண்டு கோரிக்கைகளோடு மனுவைத் திருத்தி அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மூன்றாவது இல்லாமல் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால், என் பெயரை விட்டுவிடுங்கள். கட்டணத்தைப் பற்றித் தனியாக நானே ஒன்று எழுதுகிறேன். அதற்கு உங்கள் வண்டியின் ஒரு மாத டிரிப் ஷீட்டும் டீசல் பில்லும் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.