பண்புசார் ஆய்வு மென்பொருளைக் கற்க எவ்வளவு நாளாகும்? எங்கிருந்து தொடங்குவது?

முனைவர் பட்டத்துக்காகத் தமிழில் எடுத்த 20 நேர்காணல்கள் கையில் இருக்கின்றன, நேர்காணல் பேச்சை வகைப்படுத்த உதவும் என்விவோ மென்பொருளைக் கற்றுத்தரும் வகுப்பில் பணம் கட்டிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் போதும். எனக்கு நான்கு மாதம் பிடித்தது வேறொன்றுக்கு: எதற்குக் கோடு போடுவது, என்ன பெயர் வைப்பது என்று புரிவதற்கு. (கோடு என்றால் இங்கே நிரல் இல்லை. பேச்சின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதற்கு நாம் ஒட்டும் பெயர்.)

என் ஆய்வு கிராமத்துச் சர்க்கரை நோயாளிகளைப் பற்றியது. மாத்திரையை ஏன் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது கேள்வி. 22 பேரிடம் பேசினேன். ஆய்வேடு ஆங்கிலத்தில்தானே என்று எல்லாவற்றையும் முதலிலேயே மொழிபெயர்த்து, அந்த ஆங்கிலத்தை மென்பொருளில் ஏற்றிவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

ஒரு பாட்டி சொன்னார்: "மாத்திரை சூடுப்பா, வெயில் காலத்துல நிப்பாட்டிருவேன்." அதற்குப் 'பக்கவிளைவு' என்று கோடு போட்டேன். வேறொரு ஊரில் ஒருவர், "மழை தொடங்கிட்டா ஒழுங்கா சாப்பிடுவேன்" என்றார். அது 'ஒழுங்கின்மை' என்ற கோட்டுக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் சொன்னது ஒன்றைத்தான் என்பது ஆங்கிலத்தில் எனக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பேச்சைத் தமிழிலேயே எழுதிய படியை ஏற்றி, 'சூடு' என்றே ஒரு கோடு வைத்தேன். பேசியவரின் சொல்லையே கோடாக வைப்பதை இன்-விவோ கோடிங் என்பார்கள். அந்த ஒரு கோட்டின் கீழ் 11 பேருடைய பேச்சு வந்து சேர்ந்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அதிலிருந்து பிறந்ததுதான். தயவுசெய்து தமிழிலேயே கோடு போடுங்கள். மேற்கோள் காட்டும் பகுதிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

எதில் தொடங்குவது? முதல் இரண்டு நேர்காணலை அச்செடுத்து, பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். அப்புறம் டாகெட். இலவசம், திறமூலம், உலாவியிலேயே ஓடும். அதில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் கற்பதற்கு அதுதான் நல்லது. அது போதாமல் போனால் குவால்கோடர், அதுவும் இலவசம். ஒலி, காணொளி மீதே நேரடியாகக் கோடு போடலாம், எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்ந்து வருகிறது என்றும் பார்க்கலாம். என்விவோ, மேக்ஸ்கியூடிஏ, அட்லஸ்.டிஐ மூன்றும் காசு கொடுத்து வாங்குபவை. உங்கள் பல்கலைக்கழகத்தில் உரிமம் இருக்கிறதா என்று நூலகத்தில் கேளுங்கள். சோதனைப் பதிப்பை எடுப்பதாக இருந்தால், நேர்காணல்களை எழுதிய படிகள் எல்லாம் தயாரான பிறகே நிறுவுங்கள். சோதனைக் காலம் சில நாளில் முடிந்துவிடும். குவால்கோடருக்கும் இந்த மூன்றுக்கும் இடையே கோப்பைக் கொண்டுபோவதற்கு ரெஃபி என்ற பொது வடிவம் இருப்பதால், ஒன்றில் தொடங்கியது வீணாகிவிடும் என்ற பயம் வேண்டாம். டாகெட்டிலிருந்து மட்டும் கோடுகளின் பட்டியல்தான் அப்படிப் போகும்.

தமிழுக்கென்று சில தொல்லைகள் உண்டு, வகுப்புகளில் இவற்றைச் சொல்வதில்லை. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால் மென்பொருளுக்குள் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அடுத்தது தேடல். 'பணம்' என்று தேடினால் 'பணத்தை', 'பணத்துக்கு' எதுவும் வராது. சரி, 'பண' என்று தேடலாம் என்றால், 'பண்ணினேன்', 'பண்ணிட்டு' எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். புள்ளியைக் கணினி தனிக் குறியாக வைத்திருப்பதால் வரும் வினை இது. 'பணம்' ஒருமுறை, 'பணத்' ஒருமுறை என்று தேடுங்கள். அதிகம் வந்த சொற்களை எண்ணிக் காட்டும் வசதியையும் இதே காரணத்தால் நான் நம்புவதில்லை. 'மாத்திரை', 'மாத்திரையை', 'மாத்திரைக்கு' மூன்றையும் அது மூன்று சொல்லாக எண்ணுகிறது.

இன்னொன்று, குறிப்பு எழுதும் வசதி. பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது, முதல் மாதம் நான் தொடவே இல்லை. ஆறு நேர்காணலில் 140 கோடு சேர்ந்தபோது, 'பயம்' என்பதும் 'அச்சம்' என்பதும் எனக்கே வேறுவேறாக இருந்தன, ஏன் பிரித்தேன் என்று நினைவில்லை. இப்போது புதுக் கோடு உருவாக்கும்போதே, இது எதைச் சேர்க்கும், எதைச் சேர்க்காது என்று இரண்டு வரி எழுதிவிடுகிறேன். கடைசியில் 140 என்பது 38 ஆனது. வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்டதும் அந்த இரண்டு வரிகளைத்தான்.