பழைய கொரோலா கறுப்பு புகை விடுது, கார்பரேட்டரையே மாத்தணுமா?

கேள்வி: வணக்கம் அண்ணே, சிங்கப்பூர் ஈசூன்ல இருந்து எழுதறேன். கிளாசிக் ஸ்கீம்ல (பழைய வண்டியை வருஷத்துல குறிப்பிட்ட நாள் மட்டும் ஓட்டற திட்டம்) ஒரு 1982 டொயோட்டா கேஈ70 கொரோலா வச்சிருக்கேன். கொஞ்ச நாளா பின்னாடி கறுப்பு புகை, வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை, டேங்க்கும் சீக்கிரம் காலியாகுது. காலைல ஸ்டார்ட் பண்றப்ப ஒழுங்காத்தான் இருக்கு, சூடானதும் ஐடில்ல, அதாவது வண்டி நின்னு இஞ்சின் மட்டும் ஓடறப்ப, குலுங்குது. வர்க்‌ஷாப்ல கார்பரேட்டர் போச்சு, புதுசு போட 900 வெள்ளின்னு சொல்றாங்க. ஆன்லைன்ல அதே மாதிரி டூப்ளிகேட் ஒண்ணு மலிவா கிடைக்குது. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, இப்போதைக்கு ரெண்டையும் வாங்காதீங்க. காத்தையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பறதுதான் கார்பரேட்டர் வேலை. உங்க இஞ்சின் ரிச்சா ஓடுது, அதாவது காத்து கம்மி பெட்ரோல் ஜாஸ்தி, அது வரைக்கும் சரி. ஆனா ஏன் ரிச்சா ஓடுதுன்னு அவங்க பாத்த மாதிரி தெரியலையே. சூடானதும்தான் கெடுதுன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அதைத்தான் முதல்ல புடிச்சுக்கணும். குளிர்ந்த இஞ்சினுக்கு கூடுதல் பெட்ரோல் தேவை, அதனால காலைல குறை தெரியாது, சூடானப்புறமும் அதே அளவு போனா மூச்சு முட்டத்தான் செய்யும்.

முதல்ல நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சுப் பாருங்க. நாலும் காஞ்ச கரி மாதிரி கறுப்பா இருந்தா கார்பரேட்டர் பக்கம், ஒண்ணு மட்டும் கறுப்புன்னா அந்த பிளக், ஒயர் பக்கம். ஈரமா ஆயில் பிசுக்கா இருந்து புகையும் நீலமா வந்தா அது பிஸ்டன் ரிங், வால்வு சீல் சம்பந்தப்பட்டது, அதுக்கு எந்த கார்பரேட்டர் வாங்கினாலும் தீராது. ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் இதே தொல்லைதான், அதுக்கு ஆகற செலவு ரொம்ப கம்மி.

அடுத்து, இஞ்சின் நல்லா சூடானப்புறம் நிறுத்திட்டு ஏர் ஃபில்டர் மூடியைத் தூக்குங்க. சோக் தகடு (குளிர்ந்த இஞ்சினுக்குக் காத்தைக் குறைக்கற தகடு) நேரா நிமிர்ந்து நிக்கணும். பாதி மூடியிருந்தா கேபிளோ ஸ்பிரிங்கோ இறுகிப்போச்சு, சுத்தம் பண்ணி சரி பண்ணிடலாம். தகடு சரியா இருந்தா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க (சிகரெட் கிட்டவே வரக்கூடாது), இஞ்சின் நின்னப்புறமும் பெட்ரோல் சொட்டுதுன்னா பெட்ரோல் உள்ள வர்றதை மூடற நீடில் வால்வோ, அதை மேல தள்ளற மிதவையான ஃப்ளோட்டோதான் காரணம். உங்க கார்பரேட்டர் பக்கத்துல சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும், பெட்ரோல் மட்டம் அதுல உள்ள குறிக்கு மேல நிக்குதான்னும் பாருங்க. எனக்கு அதிக சந்தேகம் இங்கதான். கிளாசிக் ஸ்கீம்ல வருஷத்துக்கு 45 நாள்தானே ஓட்டறோம், மிச்ச நாளெல்லாம் வண்டி சும்மா நிக்குது, ஃப்ளோட் கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் காஞ்சு பிசினா ஒட்டிக்குது, நீடில் வால்வு முழுசா மூட மாட்டேங்குது, அது வழியா விடாம கசியுது.

அப்படித்தான்னு தெரிஞ்சா கார்பரேட்டரைக் கழட்டி நல்லா கழுவி, நீடில் வால்வும் கேஸ்கெட்டும் உள்ள ஒரு ரிப்பேர் கிட் போட்டா போதும். புது கார்பரேட்டர் விலையோட பாத்தா கிட் ரொம்ப மலிவு. வாங்கறப்ப கார் மாடலை மட்டும் சொல்லாம கார்பரேட்டர்லயே இருக்கற நம்பரைக் காட்டி வாங்குங்க. மலிவு டூப்ளிகேட்ல ஜெட் (பெட்ரோல் வர்ற சின்னத் துளை) அளவு உங்க இஞ்சினுக்கு ஒத்துவராம போகலாம், அப்புறம் மறுபடியும் ட்யூனிங் செலவு. வர்க்‌ஷாப்ல த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலரேட்டர் மிதிச்சா திரும்பற தண்டு) தேஞ்சுபோச்சுன்னு காரணம் சொன்னா கேளுங்க, அது தேஞ்சா காத்துதானே உள்ள இழுக்கும், கறுப்பு புகை எப்படி வரும்? பிளக்கைக் காட்டச் சொல்லுங்க, எந்த பார்ட்டுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. காசு கொடுத்து மாத்தினப்புறமும் புகை நிக்கலைன்னா, அவங்களும் சரி பண்ண மாட்டேன்னா, அந்த ரசீதோட கேஸ் (CASE) பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும் சிறு உரிமைக் கோரல் மன்றமும் இருக்கு.

ப்ளாக் கார்பார்க்ல இஞ்சினை ஓடவிட்டு நின்னு சோதிக்காதீங்க, நிறுத்தின வண்டில இஞ்சின் ஓடறது இங்க குற்றம், போதாததுக்கு ரிச்சா ஓடற வண்டி புகைல கார்பன் மோனாக்சைடும் அதிகம்.

சரி பண்ற வரைக்கும் வண்டியை ஓட்டாம இருந்தா நல்லது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கற ஆயிலைக் கழுவிட்டு கீழ இறங்கி இஞ்சின் ஆயிலோட கலந்துடும், பேரிங் வரைக்கும் தேயும். ஆயில் மட்டம் பாக்கற டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தியே ஆகணும், ஆனா கசிவை நிறுத்தினப்புறம் மாத்துங்க, முன்னாடியே மாத்தினா புது ஆயிலும் வீணாப்போயிடும்.