அப்பாவின் ஹெரால்டை எடைக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் அப்பா ஓட்டிய 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு வண்டி, இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் கொல்லையில் நிற்கிறது. 2018-இல் கஜா புயல் கொட்டகைக் கூரையைக் கொண்டுபோன பிறகு ஒரு தார்ப்பாய்தான் அதற்குத் துணை. உள்ளே தரையில் கால் வைத்தால் கால் கீழே போகிறது. கதவுக்கு அடியில் கிள்ளினால் தகரம் கையோடு வருகிறது. எஞ்சின் சுற்றவே இல்லை. டிங்கரிங் பட்டறைக்காரர் நாலரை லட்சம் கேட்கிறார். மாருதி ஆம்னி வேன் எஞ்சின் மாட்டித் தருவதாகவும் சொல்கிறார். பழைய இரும்புக்காரர் 22,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளத் தயார். தம்பி கொடுத்துவிடு என்கிறான். அம்மா வாயே திறக்கவில்லை. அப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இரும்புக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஹெரால்டு ஏறக்குறைய 800 கிலோ எடையுள்ள வண்டி. கொல்லையில் உதிர்ந்துபோனதைக் கழித்துவிட்டுத்தான் அவர் கணக்குப் போட்டிருப்பார். பணத்தை மட்டும் பார்த்தால் தம்பி சொல்வது சரி. நாலரை லட்சம் செலவழித்துச் சரிசெய்த ஹெரால்டை நாலரை லட்சத்துக்கு விற்றுவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பட்டறைக்காரர் சொன்ன தொகையும் அங்கே நிற்காது. துருப்பிடித்த வண்டியில் கைவைத்தால், வெளியே ஒரு பொத்தல் தெரியும் இடத்தில் உள்ளே மூன்று பொத்தல் இருக்கும்.

ஆனால் உங்களைப் பயமுறுத்திய இரண்டு இடங்களும் என்னை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. இதுவே ஒரு அம்பாசடரோ பத்மினியோ ஆக இருந்து, கதவுக்கு அடித்தகரம் கையோடு வருகிறது என்று எழுதியிருந்தால், யோசிக்காமல் இரும்புக்காரரைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். அந்த வண்டிகளுக்கு சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், தனியாகக் கிடையாது. தரை, கதவுக்கு அடியில் போகும் பெட்டி, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, பாடியே பாரத்தைத் தாங்கும். அடிப்பெட்டி உளுத்துப்போனால் வண்டி நடுவில் தொங்கும். ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள், சாத்தாது.

ஹெரால்டு அப்படிப்பட்ட வண்டி இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் எல்லாரும் சேசிஸ் இல்லாத பாடிக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுப் பாடியை ஒரே கூடாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பழைய பாணியிலேயே தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கினார்கள். இத்தாலியரான மிக்கெலாட்டி வரைந்த அந்த வண்டி 1959-இல் அங்கே வெளிவந்தது. 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு செய்யத் தொடங்கியது. அன்றைக்கு அவர்களுக்கு நேர்ந்த இக்கட்டு இன்றைக்கு உங்களுக்குச் சாதகம். கதவுக்கு அடியில் கையோடு வந்த அந்தத் தகரம் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மடித்து மாட்டலாம். தரையும் வெட்டி ஒட்டுப் போடக்கூடியதுதான்.

உண்மையான கேள்வி அதற்கும் கீழே இருக்கிறது. சேசிஸின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு பெரிய பார்கள், அதிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டினாற்போல வரும் அவுட்ரிகர்கள், பின்னால் டிஃப்ரன்ஷியல் (பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரப் பெட்டி) உட்கார்ந்திருக்கும் இடம், முன் கண்ணாடிக்குக் கீழே எஞ்சினையும் ஆட்களையும் பிரிக்கிற தடுப்புச் சுவர். இவற்றைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், ஒரு கொட்டாப்புளியும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், நான்கு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கி வைக்கிற இடமே உளுத்திருக்கலாம். தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். பொத் என்று கேட்டால் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். அவுட்ரிகர்கள் போயிருந்தால் கவலையில்லை. ஹெரால்டு வைத்திருக்கிற எவருக்கும் அது ஒருமுறையாவது போயிருக்கும், தனியாகச் செய்து பற்றவைக்கலாம். நடு பார்கள் போயிருந்தால், முக்கியமாக டிஃப்ரன்ஷியல் பக்கம் போயிருந்தால், வண்டி முடிந்தது.

ஒரு காந்தமும் கொண்டுபோங்கள். பெயின்ட் நன்றாகத் தெரிகிற இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது தகரமே இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி. உங்கள் அப்பா காலத்திலேயே யாராவது பூசியிருப்பார்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பத்மினி வாங்கினேன். பார்க்க அழகாக வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் பெயின்ட். அதற்குப் பிறகு சீட்டு, கூரைத் துணி, கண்ணாடி ரப்பர். கார்த்திகை மழை ஒன்றுதான் பார்த்தது. தை மாதத்தில் கதவு ஓரத்தில் அம்மை போட்டதுபோலக் கொப்புளம். உள்ளே இருந்த துருவை எடுக்காமல் மேலே பூசிவிட்டிருந்தார்கள். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். உங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழை இல்லாத மாதத்திலும் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். ஆகவே யாராவது “சேசிஸை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல கலர் அடிச்சிடலாம்” என்றால் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 948 சி.சி., வார்ப்பிரும்பு, எளிமையான எஞ்சின். இத்தனை வருடம் நின்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பேட்டரி கொடுத்துச் சுற்றவோ, கியர் போட்டுத் தள்ளவோ வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகு ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். வண்டி ஓடுகிற நாள் வந்தால் பெட்ரோல் ஹோஸ்களையெல்லாம் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

ஆம்னி எஞ்சின் மட்டும் வேண்டவே வேண்டாம். ரசனைக்காகச் சொல்லவில்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்காகச் சொல்கிறேன். 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி செய்தார்கள். உங்கள் வண்டி வயதில் தேறுகிறது. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்படாமல் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆம்னி எஞ்சினை உள்ளே வைத்த நிமிடம் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஏற்கெனவே பதிவான வண்டிக்கு அப்பாவின் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது, இதற்கெல்லாம் ரோட்டில் எடுக்கலாம். தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது.

இதற்கு ஆர்.சி. புத்தகம் வேண்டும். பீரோவில் தேடுங்கள். அது கிடைக்காமல் வண்டியில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். சேசிஸ் நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள், வெல்டிங்காரர் அதன் பக்கமே போகக்கூடாது. அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற 31-ஆம் படிவம். அதற்கு வாரிசுச் சான்றிதழும், அம்மாவும் தம்பியும் சம்மதித்துப் போடும் கையெழுத்தும் கேட்பார்கள். ஆகவே இது நீங்கள் ஒருவராக முடிவு செய்கிற விஷயமும் இல்லை. அம்மா வாயே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது அவரிடம் கேட்டீர்களா?

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்னும் பாகங்கள் கிடைக்கின்றன. மூடியோடு முன்பக்கம் மொத்தமும் சாய்ந்து திறக்குமே, அதற்கான தகரங்களும் அதில் அடக்கம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்யப்பட்டது. உங்கள் கதவுகள் அங்கே கிடைக்காது. கதவுகள் உளுத்திருந்தால் இன்னொரு ஹெரால்டைத் தேடிப் பிடித்துப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் கைவேலை தெரிந்த ஒரு பழைய டிங்கர் கிடைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இரண்டாவது ரகம்தான் இப்போது அரிது.

சரி, என் முடிவு இது. நாலரை லட்சத்துக்கு இப்போது ஒத்துக்கொள்ளாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். பாடியை சேசிஸிலிருந்து தூக்கிக் காட்டுவதற்கு மட்டும் ஒரு கூலி பேசுங்கள். அதற்கு முன்னால் கதவுகளுக்கு நடுவே குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். தரை இல்லாத பாடியைத் தூக்கினால் கோணிக்கொள்ளும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. வெற்று சேசிஸ் கண்முன் கிடக்கும்போது முடிவு தானாகத் தெரியும். நடு பார்கள் உறுதியாக இருந்தால் தொடங்குங்கள். வருடத்துக்குக் கொஞ்சமாக, முதலில் சேசிஸ், பிறகு தரை, கடைசியில்தான் பெயின்ட். பார்கள் போயிருந்தால் அப்போதும் இரும்புக்காரருக்கு வேண்டாம். ஹெரால்டு வைத்திருக்கிற யாருக்காவது கொடுங்கள். உங்கள் நான்கு கதவுகளுக்காக யாரோ ஒருவர் ஊர் ஊராக அலைந்துகொண்டிருப்பார். ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தத் தார்ப்பாயை எடுத்துவிட்டு நாலு தகரமாவது போட்டுக் கூரை அமையுங்கள். தார்ப்பாய் மழையை நிறுத்தும், ஆனால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். தட்டிப் பார்த்த பிறகு டிஃப்ரன்ஷியல் பக்கம் தெரிகிற மாதிரி இரண்டு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.