ரேஞ்சில் முதல் நாள்: 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பற்றிய கேள்வி பதில்

ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பல காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதல் நாளுக்கு எப்படித் தயாராவது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, அடுத்த வாரம் சேருகிறேன். சொந்தமாக ஒரு ரைபிள் வாங்கிவிட்டுப் போகவா? லைசென்ஸ் வேண்டுமா?

வாங்காதீர்கள், தம்பி. ரைபிளும் பெல்லட்டும் (அதில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டு) பெரும்பாலும் கிளப்பிலேயே கிடைக்கும். உங்கள் தோள், கை நீளம், கழுத்து எல்லாம் எந்த ரைபிளுக்குப் பொருந்தும் என்பது சில மாதங்கள் சுட்ட பிறகுதான் தெரியும். லைசென்ஸைப் பொறுத்தவரை, 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் (பெல்லட் குழல் முனையை விட்டு வெளியேறும்போது) 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேற்படாத குழல் அளவும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிகளில் பயன்படுவதும் இந்த 4.5 மி.மீ. பெல்லட்தான். அடையாள அட்டையும் புகைப்படமும் மட்டும் எடுத்துப் போங்கள். வேறு என்ன வேண்டும் என்று கிளப்புக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்?

தட்டையான அடிப்பாகம் உள்ள, மூடிய ஷூ. உடம்போடு ஒட்டிய சட்டை அல்லது டி-ஷர்ட். துப்பட்டாவைப் பின் குத்திவிடுங்கள், நீளமான முடியைக் கட்டிவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கட்டாயம் போட்டுக்கொண்டே வாருங்கள். டிவியில் பார்க்கும் அந்த விறைப்பான ஜாக்கெட் இப்போது வேண்டாம். அது இல்லாமல் நிற்கப் பழகினால்தான் உடம்பு தன் வேலையைக் கற்றுக்கொள்ளும்.

துப்பாக்கியைத் தொடவே பயமாக இருக்கிறது. தப்பாக எதையாவது செய்துவிட்டால்?

இந்தப் பயம் நல்லது. எனக்குக் கவலை தருகிறவர்கள் பயமே இல்லாமல் வருகிறவர்கள்தான்.

உள்ளே போனதும் மேசைமேல் ரைபிள் இருக்கும். போல்ட் (பெல்லட் போடும் இடத்தைத் திறந்து மூடும் பகுதி) திறந்திருக்கும், குழல் வழியாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு நைலான் கயிறு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பாதுகாப்புக் கொடி. அது குழலுக்குள் முழு நீளத்துக்கும் போயிருந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பயிற்சியாளர் சொல்லாமல் அதை உருவக் கூடாது.

எந்தத் துப்பாக்கியையும் லோடு ஆகியிருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். குழல் முனை எப்போதும் இலக்கு இருக்கும் பக்கம்தான். யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ரைபிளோடு திரும்பிவிடுவது புதியவர்களுக்கு இயல்பாக வரும். அதனால் முதலில் ரைபிளை மேசையில் வையுங்கள், அப்புறம் திரும்புங்கள். குறி வைத்து முடிக்கும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்கட்டும். ‘ஸ்டாப்’ என்று குரல் கேட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், “இந்த ஒன்றை மட்டும் சுட்டுவிடுகிறேன்” என்பதற்கு இடமே இல்லை. முன்னால் யாராவது இலக்கு அட்டையை மாற்றப் போயிருந்தால் துப்பாக்கி பக்கமே கை போகக் கூடாது.

முதல் நாள் நீங்கள் ஒரு பெல்லட்கூடச் சுடாமல் இதை மட்டும் ஒழுங்காகப் பழகிக்கொண்டு போனாலும் எனக்கு முழுத் திருப்தி.

ரைபிளா, பிஸ்டலா?

இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். ஆனால் அதை எலும்பு தாங்கும்: இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி நிற்பீர்கள். பிஸ்டலுக்கு எடை வரம்பு 1.5 கிலோதான், ஆனால் ஒற்றைக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், மறு கை பாக்கெட்டில். ரைபிள் அட்டையில் 10 புள்ளிக்கான இடம் வெறும் 0.5 மி.மீ., ஒரு சின்னப் புள்ளி. பிஸ்டலில் 11.5 மி.மீ. இதை வைத்து பிஸ்டல் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எந்தக் கண்ணால் குறி பார்ப்பது?

கையை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியாக இரண்டு கண்களாலும் சுவரில் ஒரு சுவிட்சைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது சுவிட்ச் அப்படியே தெரிகிறதோ, அதுதான் உங்கள் முதன்மைக் கண். வலது கைக்காரருக்கு இடது கண்ணாக இருந்தால் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நின்றாலே குழல் ஆடுகிறது. எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது. ஒலிம்பிக்கில் நிற்கிறவருக்கும் ஆடும், அவருக்குக் கொஞ்சமாக ஆடும், அவ்வளவுதான். ஆட்டம் சரியாக நடுவுக்கு வரும் நொடியைப் பிடிக்கப் பார்த்து ட்ரிக்கரை வெடுக்கென்று இழுப்பதால்தான் பெல்லட் ஓரம் போகிறது. மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுக்கும் முன் வரும் சிறு இடைவெளியில் ட்ரிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். பிஸ்டலில் பார்வை குழல் முனையில் இருக்கும் முன் சைட்டின் (குறி பார்க்கும் பாகம்) மேலேயே இருக்கட்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. சுட்ட பிறகும் ஓரிரு நொடி அப்படியே நில்லுங்கள். ஏழெட்டு நொடிக்கு மேல் இழுத்தால் துப்பாக்கியை இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். இறக்கி வைப்பதும் இந்த விளையாட்டின் திறமைதான். அப்புறம், அன்று காலை காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எத்தனை புள்ளி எடுத்தால் தேறுவேன்?

புள்ளியைப் பார்க்காதீர்கள். ஐந்து ஓட்டைகளும் அட்டையின் ஒரு மூலையில் நெருக்கமாக விழுந்திருந்தால் அது அருமையான ஆரம்பம். சைட்டைத் திருகி அந்தக் கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். அட்டை முழுக்கச் சிதறி நடுவில் ஒன்று விழுந்தால் அது அதிர்ஷ்டம். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டில் 10.8 அடித்துத் தங்கம் வென்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கடைசி ஷாட் வரை ஒரே மாதிரி நின்றார் என்பதைத்தான் நான் மாணவர்களிடம் சொல்வேன்.

என் மகளுக்கு 11 வயது. பெல்லட் ஈயம் என்கிறார்களே, ஆபத்தா?

நியாயமான கவலை, அம்மா. பெல்லட்டை வாயில் வைக்கவே கூடாது. ரேஞ்சுக்குள் எதுவும் சாப்பிட வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டும். இதைப் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். வயது வரம்பைக் கிளப்பில் கேளுங்கள், முதல் சில வாரம் நீங்களும் கூட இருங்கள்.

நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். எனக்கு இடம் உண்டா?

நிச்சயமாக உண்டு. அவனி லெகாரா டோக்கியோ பாராலிம்பிக்கிலும், 2024 பாரிஸிலும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர், அவர் சுடுவது சக்கர நாற்காலியில் அமர்ந்துதான். போகும் முன் கிளப்பில் சாய்தளம் இருக்கிறதா, சுடும் மேசைக்குக் கீழே நாற்காலி நுழையுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நுழையாது என்றால் மேசையை மாற்றித் தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.