உண்மையான குற்றவாளியின் கதையில் வந்த பிரெஞ்சு கேங்ஸ்டர் படம் ஏதாவது சொல்ல முடியுமா?

தயங்காமல் 'மெஸ்ரின்' என்பேன். 2008-இல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு பாகங்களாக வந்தது. மொத்தம் நாலு மணி நேரம் ஓடும். இயக்குநர் ழான்-பிரான்சுவா ரிஷே, நாயகன் வின்சென்ட் காசெல். இரண்டு பேருமே இதற்காக பிரான்சின் பெரிய சினிமா விருதான சேசர் விருதை வாங்கினார்கள்.

ஷாக் மெஸ்ரின் நிஜமாக வாழ்ந்த ஆள். அல்ஜீரியப் போரில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து, வங்கிக் கொள்ளை, ஆள்கடத்தல், கொலை என்று பிரான்சையும் கனடாவையும் ஆட்டிப் படைத்தவன். 1972-இல் கனடாவின் கியூபெக் மாகாணச் சிறையிலிருந்து தப்பினான். தப்பியவன் ஓடி ஒளிவான் என்றுதானே நினைப்போம்? கூட இருந்தவர்களை மீட்கிறேன் என்று இரண்டே வாரத்தில் துப்பாக்கியோடு அதே சிறைக்குத் திரும்பி வந்தான். காரியம் நடக்கவில்லை. சினிமாவுக்காகக் கட்டிய கதை போலத் தெரியும், ஆனால் உண்மையில் நடந்தது.

1979 நவம்பர் 2 அன்று பாரிசில் போலீஸ் அவனைக் காரிலேயே வைத்துச் சுட்டுக் கொன்றது. தார்ப்பாய் மூடிய லாரிக்குள் பதுங்கியிருந்து சுட்டார்கள். முன்கூட்டி எச்சரித்தார்களா இல்லையா என்ற வழக்கு பல வருடம் இழுத்தது.

படம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. முடிவு முதலிலேயே தெரிந்துவிடுவதால், மாட்டுவானா என்று பதறாமல் ஆளைக் கவனிக்கிறோம். எனக்குப் பிடித்தது, படம் அவனைத் தூக்கிப் பிடிக்காததுதான். நீதிமன்றத்தில் டை முடிச்சுக்குள்ளிருந்து சாவியை எடுத்து விலங்கைத் திறக்கிறான். நம்மையும் அறியாமல் சிரித்துவிடுகிறோம். அப்புறம், தன்னைப் பற்றி எழுதிய ஒரு பத்திரிகையாளரைக் குகைக்கு வரவழைத்து, உடையைக் களைந்து அடித்துச் சுடுகிறான். (நிஜத்தில் அவர் பிழைத்துக்கொண்டார்.) அதற்குப் பிறகு அவனை ரசிக்க மனசு வராது. சிலியில் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்த செய்தி தன்னை முதல் பக்கத்திலிருந்து தள்ளிவிட்டதே என்று எரிச்சல்படும் காட்சி ஒன்று உண்டு. ஆளின் விளம்பர வெறியைக் காட்ட அது ஒன்றே போதும். சிறையில் இருந்தபடியே சுயசரிதை எழுதி 1977-இல் வெளியிட்டவன் வேறு!

குறை இல்லாமல் இல்லை. முதல் பாகம் வருடங்களைத் தாவித் தாவி ஓடுகிறது. மனைவி, பிள்ளைகள் எல்லாம் வந்த வேகத்தில் காணாமல் போகிறார்கள். நடிகர் ஜெரார் தெபார்தியூ வரும் காட்சிகள்தான் அதைத் தாங்குகின்றன. இரண்டாம் பாகத்தில் தொப்பையும் தாடியுமாக வரும் காசெலைப் பார்க்கவே நாலு மணி நேரம் செலவழிக்கலாம். உடம்பை ஏற்றுவதைவிட இறக்குவது சுலபம் என்று, குண்டான காட்சிகளை முதலில் எடுத்துவிட்டு இளமைக் காலத்தைக் கடைசியில் எடுத்தார்களாம்.

முதல் பாகம் சுமார்தானே என்று நேராக இரண்டாவதுக்குப் போகாதீர்கள். கனடா சிறைக் காட்சிகள் முதல் பாகத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் தூங்கின பிறகு போடுங்கள்.