பயிற்சியில் சரி, மெயிலில் தவறு

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். படித்தது முழுக்கத் தமிழ்வழி. வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் மெயில் போட வேண்டும். ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றை இரண்டு தடவை முடித்துவிட்டேன். பயிற்சிகளுக்கு விடை சரியாகவே வருகிறது. ஆனால் மெயிலை மட்டும் மேலாளர் திருத்திக்கொண்டே இருக்கிறார். மறுபடி 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்'சிலிருந்து தொடங்கட்டுமா? நான் அனுப்பிய ஐந்து மெயில்களை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, திருப்பூர்

பதில்: தொடங்க வேண்டாம். புத்தகத்தில் பாடத்தின் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. மேலே 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' என்று போட்டிருந்தால் கோடிட்ட இடத்தில் 'ஹேவ்' எழுதுவது பெரிய காரியமில்லை. மெயிலில் தலைப்பு கிடையாது. எந்த இடத்தில் எந்த விதி என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலையே. அந்தப் பயிற்சி உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் ஐந்து மெயில்களையும் பார்த்தோம். பலர் சறுக்குகிற 'ஹி கோஸ், ஷி ஹேஸ்' உங்களிடம் ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. அந்தப் பாடத்தை மறுபடி படிப்பது வீண். திரும்பத் திரும்ப வருபவை நான்கே வகைத் தவறுகள். பெரும்பாலும் தமிழ்ப் பழக்கத்தில் வருபவை.

அதிகம் வருவது இது: 'வீ ஹேவ் சென்ட் த லேப் டிப்ஸ் எஸ்டர்டே.' (லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்க அனுப்பும் சாயமிட்ட துணி மாதிரி.) தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கிறோம்' என்பது சரியான வாக்கியம். ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு 'ஹேவ்' சேராது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ இவற்றில் எது வந்தாலும் 'ஹேவ்' போக வேண்டும்: 'வீ சென்ட் த லேப் டிப்ஸ் எஸ்டர்டே.' எப்போது என்பது முக்கியமில்லை என்றால் நேரச் சொல்லை எடுத்துவிட்டு 'வீ ஹேவ் சென்ட்' என்றே விடலாம். 'போன வாரம் பேசியிருந்தோம்' என்ற நினைப்பில் எழுதிய 'வீ ஹேட் டிஸ்கஸ்ட் லாஸ்ட் வீக்' இதன் தங்கை. 'ஹேட்' வந்தால், அதற்குப் பிறகு நடந்த இன்னொன்றைச் சொல்லப்போகிறீர்கள் என்று படிப்பவர் காத்திருப்பார். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் 'வீ டிஸ்கஸ்ட்' போதும்.

அடுத்தது, 'த ஃபேப்ரிக் ஈஸ் பெண்டிங் சின்ஸ் மண்டே.' அன்று தொடங்கி இன்றும் நீடிக்கிற விஷயத்துக்கு 'ஹேஸ் பீன்' வேண்டும்: 'ஹேஸ் பீன் பெண்டிங் சின்ஸ் மண்டே.' 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்குத் தமிழே வழிகாட்டும். 'திங்கட்கிழமையிலிருந்து' என்று வந்தால் சின்ஸ். 'மூன்று நாளாக' என்று வந்தால் ஃபார்.

'டிட் நாட் ரிசீவ்ட்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 'வரவில்லை' என்பதில் 'வந்த' என்ற இறந்தகால வடிவம் இல்லை, வெறும் 'வர'தான் இருக்கிறது, கவனியுங்கள். ஆங்கிலத்திலும் அப்படியே. காலத்தை 'டிட்' சுமந்துவிட்டது. பின்னால் வருவது வெறும் 'ரிசீவ்'.

கடினமானது நான்காவது: 'ஏ', 'த'. தமிழில் இவற்றுக்கு நேரான சொல் இல்லை என்றாலும், இவை செய்கிற வேலையில் ஒரு பங்கை 'ஐ' உருபு செய்கிறது. 'சாம்பிள் அனுப்பினோம்' என்றால் ஏதோ சாம்பிள். 'சாம்பிளை அனுப்பினோம்' என்றால் இருவருக்கும் தெரிந்த அந்த சாம்பிள், அங்கே 'த'. முன்னால் 'ஒரு' இருந்தாலோ, பேச்சு மனிதரைப் பற்றியதாக இருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. அப்போதும், சொல் செயப்படுபொருளாக இல்லாத இடத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'எது?' என்றால் பையரால் பதில் சொல்ல முடியுமா? முடிந்தால் 'த'. முடியாது, ஒருமை, எண்ணக்கூடியது என்றால் 'ஏ' அல்லது 'ஆன்'. பன்மையாகவோ எண்ண முடியாததாகவோ இருந்தால் ஒன்றும் வேண்டாம். இதற்கும் அடங்காத மரபுகள் உண்டு. அவை வாசிக்க வாசிக்கத்தான் படியும். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று 'எஸ்' சேர்த்துவிடுவது தனிச் சிக்கல்: ஆங்கிலம் கற்போருக்கான அகராதியில் பெயர்ச்சொல்லின் பக்கத்தில் 'சி' இருந்தால் எண்ணலாம், 'யு' இருந்தால் கூடாது.

இனி வேலை. 'சென்ட்' பெட்டியில் எஸ்டர்டே, அகோ, சின்ஸ், டிட் நாட் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். உங்கள் தவறுகள் வரிசையாக வந்து நிற்கும். சொல்லுக்குப் பத்து வாக்கியம் எடுத்துத் திருத்தி, சரியான வடிவத்தை மட்டும் நோட்டில் எழுதுங்கள். தவறானதையும் பக்கத்தில் எழுதினால் அதுவும் மனதில் தங்கும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு வகை. மெயிலை எழுதி முடித்ததும், அந்த ஒன்றை மட்டும் பார்க்க ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். நான்கையும் ஒரே தடவையில் பார்க்க முயன்றால் ஒன்றும் கண்ணில் படாது. 'ஏ', 'த' கடைசியில் வரட்டும். அதற்கு மட்டும் ஒரு மாதம் கொடுங்கள்.

திருத்தும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் சொடுக்காமல், என்ன தவறு என்று முதலில் நீங்கள் சொல்லிப் பாருங்கள். சொல்லாமல் ஏற்றுக்கொண்டால் அடுத்த மெயிலிலும் அதே கோடு வரும்.

'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' பற்றியும் மேலாளர் சொல்லியிருப்பார். அது இலக்கணப் பிழையே அல்ல, பழைய அலுவலக நடை. அதைவிட 'ரிவர்ட்' என்பதைத்தான் மாற்ற வேண்டும். நம் ஊரில் அதற்கு 'பதில் அனுப்பு' என்று பொருள். பல வெளிநாட்டு பையர்களுக்கு 'பழைய நிலைக்குத் திரும்பு'. லேப் டிப் விஷயத்தில் இப்படிக் குழம்பினால் பழைய நிறத்துக்கே போகச் சொல்கிறீர்களோ என்று நினைக்கக்கூடும். 'ரிப்ளை' என்றே எழுதுங்கள்.

போனில் பேசும்போது இதில் எதையும் சரிபார்க்காதீர்கள். விதியைத் தேடினால் நாக்கு நின்றுவிடும். எழுத்தில் கை பழகிய வடிவங்கள் சில மாதத்தில் பேச்சுக்கும் வந்து சேரும்.