மூவாயிரத்தில் நிற்கும் வண்டி

அன்புள்ள ஐயா,

ஓஹையோவில் வசிக்கிறேன். ஜனவரியில் செவ்ரலே சில்வராடோ 1500 பிக்கப் ஒன்றை ஆலை ஆர்டராகக் கொடுத்தேன். நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், 5.3 லிட்டர் வி8 எஞ்சின், ஆறு பேர் உட்காரும்படி முன்வரிசை பெஞ்சு, 22 அங்குலச் சக்கரம். ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் நிலை எண் ஏழு வாரமாக 3000-ஐத் தாண்டவில்லை. தினமும் டீலரைக் கூப்பிடுகிறேன், எந்தத் தகவலும் இல்லை. ஜூனில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். குழந்தைகளோடு சேர்த்து ஆறு பேரும் ஒரே வண்டியில், பின்னால் டிராவல் டிரெய்லர் கட்டிக்கொண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை போகத் திட்டம். 7,000 பவுண்டு டிரெய்லருக்கு முன்பணமும் கட்டிவிட்டேன். வண்டி 9,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று டீலர் உறுதி சொன்னார். காத்திருப்பதா, ரத்து செய்துவிட்டு டீலரின் லாட்டில் விற்பனைக்கு நிற்கும் ஒன்றை எடுத்துவிடுவதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

புது வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அந்த மாதங்களை எதில் செலவிடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்கள் கேள்வி. செவ்ரலேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம் கணக்கில் 1100 என்றால் ஆர்டர் டீலரிடம் மட்டும் கிடக்கிறது. டீலருக்கு ஒதுக்கீடு வராவிட்டால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். 2000 என்றால் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 3000 என்றால் உற்பத்திப் பிரிவு ஏற்றுக்கொண்டது. 3300 வந்தால் கட்டும் வாரம் முடிவாகிவிட்டது, 3800 வந்தால் வண்டி கட்டியாயிற்று, 4200 வந்தால் ஆலையிலிருந்து கிளம்பிவிட்டது, 5000 வந்தால் டீலர் வாசலில். ஆகவே நீங்கள் ஒதுக்கீட்டுக் கண்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். 3000-ல் வாரக்கணக்கில் நிற்பது வழக்கம்தான். பெரும்பாலும் நீங்கள் கேட்ட ஏதோ ஒரு பாகம் தட்டுப்பாட்டில் இருக்கும். டீலரிடம் "எப்போது வரும்" என்று கேட்காதீர்கள், அது அவருக்கும் தெரியாது. "என் ஆர்டரில் எந்த ஆப்ஷன் தடுத்து வைத்திருக்கிறது, உற்பத்திக்கு உத்தேசித்த வாரம் எது" என்று கேளுங்கள். இரண்டும் அவர் கணினியில் தெரியும். விலை, ஆர்டருக்கான முன்பணம் பற்றியெல்லாம் கவலைப்பட்டால், விலையையும் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இப்போது நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். ஏழு வாரம் தினமும் டீலரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு நாளாவது பேனாவும் காகிதமும் எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டீர்களா? ஆறு உயிர்களை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் போகப்போகிறவர் டீலர் சொன்ன 9,000 என்ற ஒற்றை எண்ணை நம்பி டிரெய்லருக்கு முன்பணம் கட்டியது பெரிய தப்பு. கோபமாகத்தான் சொல்கிறேன்.

இழுவைத் திறன் வேறு, சுமைத் திறன் வேறு. விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணை ஜே2807 என்ற பொது முறைப்படி சோதிக்கிறார்கள். அதில் வண்டிக்குள் இருப்பது ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். உங்கள் அப்பா, அம்மா, பிள்ளைகள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. குடும்பத்தோடு போகும் பிக்கப்பில் இழுவை எண்ணை எட்டுவதற்கு வெகுமுன்பே சுமை எண் தீர்ந்துவிடும்.

சுமை எண் எங்கே இருக்கிறது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் மஞ்சள் பட்டை போட்ட வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். டயர் அளவு, காற்றழுத்தம், இருக்கை எண்ணிக்கை, இவற்றோடு ஒரு வாக்கியம்: ஆட்களும் சரக்கும் சேர்ந்த எடை இத்தனை கிலோ, இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது. அந்த எண் அந்த வண்டிக்கு மட்டும் உரியது. ஃபோர் வீல் டிரைவ், கனமான சக்கரம், பக்கப்படி என்று நீங்கள் ஆசையாகச் சேர்த்த ஒவ்வொன்றும் அந்த எண்ணைத்தான் தின்கிறது. பக்கத்து வண்டியின் எண் 150 பவுண்டு கூடவோ குறையவோ இருக்கலாம்.

ஸ்டிக்கரில் 1,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 180, மனைவி 140, அப்பா 150, அம்மா 135, பிள்ளைகள் 75, 60. மொத்தம் 740. டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் கொக்கி மேல் அழுத்தும். அழுத்தம் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும், ஆகவே அதைக் குறைத்துத் தப்பிக்க முடியாது. 13 சதவீதம் என்றால் 910. டிரெய்லரை மாட்டும், எடையைப் பகிரும் ஹிட்ச் 90. பின்தொட்டியில் ஐஸ்பெட்டி, நாற்காலிகள், கருவிப்பெட்டி என்று 150. கூட்டினால் 1,890. யெல்லோஸ்டோன் கிளம்பும் முன்பே 290 பவுண்டு கூடுதல், இத்தனைக்கும் டிரெய்லர் 9,000-ஐ நெருங்கவே இல்லை.

கூடினால் என்ன ஆகும்? பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறைந்து ஸ்டியரிங் இலேசாகும். முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பின் டயர் சூடேறும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சோரும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் இலேசான மூக்கால் அதை அடக்க முடியாது. பகிர்வு ஹிட்ச் போட்டால் போதும் என்பார்கள். அது எடையில் ஒரு பகுதியை முன்அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளி வண்டியை நிமிர்த்துமே தவிர ஸ்டிக்கர் எண்ணைக் கூட்டாது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை மாட்டினாலும் அப்படியே: வண்டி நிமிர்ந்து நிற்கும், அனுமதித்த எடை அதேதான்.

லாட்டில் நிற்கும் வண்டியை எடுத்தாலும் இதே கணக்குதான் உங்களைப் பிடிக்கும். அதனால் அந்தக் கேள்வியை விடுங்கள். பதிலாக நாளைக்கே டீலரிடம் போய், உங்கள் ஆர்டருக்கு மிக நெருக்கமான அமைப்பில் நிற்கும் நான்கைந்து வண்டிகளின் ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். அதிலேயே குறைவான எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரையும் எடை மெஷினில் நிறுத்துங்கள். அம்மா அப்பாவிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்.எச்.டி (NHT) என்ற அதிக இழுவைப் பொதி உங்கள் ஆர்டரில் உண்டா என்றும் பாருங்கள். அதில் பின் ஸ்பிரிங்கும் பின் அச்சும் கனமானவை. ஜேஎல்1 என்ற டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடு கட்டாயம் இருக்க வேண்டும். ஆர்டர் 2000-ல் இருந்தபோது இதையெல்லாம் டீலரே திருத்தியிருப்பார். 3000-ல் கெஞ்சிக் கேட்டால் நடக்கலாம். 3300 வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உங்கள் வண்டி இன்னும் 3000-ல் நிற்பது நல்லதற்குத்தான்.

சில்வராடோவிலேயே கனரக மாடலான 2500 எச்டிக்கு மாறலாம். 6.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு அது 3,000 பவுண்டுக்கு மேல் சுமக்கும். டீசல் எஞ்சின் கனமானது, அந்தச் சுமையில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். ஆனால் மாறினால் அது புது ஆர்டர், வரிசையின் கடைசி. ஜூனுக்கு வந்து சேரும் என்று நம்பாதீர்கள்.

வீட்டில் இன்னொரு கார் இருந்தால், இந்த ஒரு பயணத்துக்கு அப்பா, அம்மா, மனைவி மூவரும் அதில் வரட்டும், மனைவி ஓட்டட்டும். 425 பவுண்டு இறங்கி 1,465-ல் நிற்கும். எல்லாரும் ஒரே வண்டியில் பேசிக்கொண்டு போகவேண்டும் என்ற உங்கள் ஆசை புரிகிறது. பெற்றோரை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறீர்களோ. ஆனாலும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அமுங்கிய பின்அச்சோடு மலை இறங்காதீர்கள்.

வண்டி கைக்கு வந்ததும், நீண்ட பயணத்துக்கு முன் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் (CAT) எடைமேடையில் மூன்று முறை ஏற்றுங்கள். எல்லாரும் உட்கார்ந்து டிரெய்லரும் ஹிட்ச் கம்பிகளும் மாட்டியபடி ஒன்று, கம்பிகளைக் கழற்றி ஒன்று, டிரெய்லரை விட்டுவிட்டு ஒன்று. முன்அச்சு, பின்அச்சு, டிரெய்லர் அச்சு என்று எடைச் சீட்டில் தனித்தனியாக வரும். முதல் சீட்டின் பின்அச்சு எடையைக் கதவுத் தூணில் ஆர்ஆர் என்று போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் தொட்டியிலிருந்து எதை இறக்குவது என்று அங்கேயே முடிவெடுங்கள்.

அன்புடன்.